ரப்பர் விளையில் ஒரு டிரெயில் கேமரா: வாங்கலாமா?

டிரெயில் கேமரா என்றால், மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் குறுக்கே போகும்போது தானே படம் எடுக்கும் கேமரா. நான் வாங்கியதன் பெட்டியின் மேல் 48 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். இந்த விலையில் வரும் டிரெயில் கேமராக்களில் சென்சார் ரொம்பச் சின்னது, அது பிடித்த படத்தை உள்ளே இருக்கும் மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிக் கணக்குக் காட்டுகிறது. படம் பெரிதாகுமே தவிர தெளிவாகாது, மெமரி கார்டுதான் சீக்கிரம் நிறையும். 8 மெகாபிக்சலில் வைத்தாலே போதும். இதை முதலில் சொல்லக் காரணம், கேமராவைப் பார்க்கிற எல்லாரும் முதலில் கேட்பது மெகாபிக்சலைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறே இருக்கின்றன.

பிராண்ட் பெயர் போடவில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லை, ஒரே பெட்டியை ஏழெட்டுப் பெயரில் ஆன்லைனில் விற்கிறார்கள், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேறே. விலை ஏழாயிரத்துச் சொச்சம். அதோடு எட்டு ஏஏ பேட்டரி (சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதே சைஸ்), சார்ஜர், ஒரு நல்ல மெமரி கார்டு எல்லாம் தனியாக வாங்க வேண்டும். மொத்தத்தில் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கு வைக்கும் வைஃபை கேமரா ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், அதற்குக் கரண்டும் வைஃபையும் வேண்டும். இது மரத்தில் கட்டிவிட்டு வந்தால் மாதக்கணக்கில் தன்பாட்டுக்குக் கிடக்கும்.

எங்கள் விளை (தோட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஆறுகாணி பக்கம். ரப்பர், ஓரமாகக் கொஞ்சம் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), வீட்டுத் தேவைக்கு வாழை. ஒரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு சரணாலயம், இன்னொரு பக்கம் நம்முடைய கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். 2008இல் அறிவித்த இந்தச் சரணாலயம் சுமார் 400 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த மாவட்டத்தில் இவ்வளவு காடு இருப்பதே தெரியாது. அதுவும் ரப்பர் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கள் பக்கம் மதில் ஒன்றும் கிடையாது. மரம் மாறும், அவ்வளவுதான்.

2023இல் சிற்றாறு, பத்துகாணி சுற்றுவட்டாரத்தில் ஒரு புலி ஆடு மாடுகளை அடித்தது நினைவிருக்கும். வனத்துறை தானியங்கிக் கேமரா கட்டி, கூண்டு வைத்து, கடைசியில் அந்த ஜூலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதற்கப்புறம் எங்கள் பக்கம் ராத்திரி நாய் குரைத்தால் புலி, கோழி காணாமல் போனால் புலி, ஆட்டுக் கயிறு அறுந்து கிடந்தால் புலி. வாட்ஸ்அப்பில் எந்த மாநிலத்துப் புலிப் படம் வந்தாலும் அது நம்ம கடையாலுமூட்டில் எடுத்தது என்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் கோழி போய்க்கொண்டிருந்தது. யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றுதான் இதை வாங்கினேன். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் எங்கே கட்டுவது என்று புரியும், அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். லென்ஸுக்குக் கீழே வெள்ளையாகப் புடைத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பது பிஐஆர் சென்சார். அது எதையும் படம் பிடிப்பதில்லை. எதிரே இருக்கும் வெப்பத்தில் திடீரென்று மாற்றம் வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும். பின்னணியைவிடச் சூடான ஓர் உடம்பு குறுக்கே போனால் ஒரு சிக்னல், கேமரா விழித்துக்கொண்டு படம் எடுக்கும். சில வீடுகளில் ராத்திரி யாராவது நடந்தால் தானே எரியும் வாசல் விளக்கு இருக்கிறதே, அதில் இருப்பதும் இதேதான். ஆள் வந்தால் பிரகாசமாகி, போனால் மங்கும் தெருவிளக்குகள் பலவற்றிலும் இந்தச் சென்சார் உண்டு.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. ஒன்று, மிருகம் கேமராவுக்குக் குறுக்கே நடந்தால் சென்சார் சட்டென்று பிடிக்கும், நேரே கேமராவைப் பார்த்து வந்தால் வெகுநேரம் கழித்துத்தான் உணரும். அதனால் பாதையை நோக்கி நேராகக் கட்டாமல் பக்கவாட்டில் கட்ட வேண்டும். இரண்டு, பங்குனி சித்திரை மத்தியானத்தில் தரையும் பாறையும் மிருகத்தின் உடம்புச் சூட்டுக்குச் சமமாகக் காய்ந்து கிடக்கும்போது இது அரைக் குருடு, கீரி ஓடினாலும் தெரியாமல் போகலாம். மூன்றாவதுதான் ரப்பர் விளைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. தை, மாசியில் ரப்பர் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் நேரம், வெயில் தரையில் திட்டுத்திட்டாக விழும், காற்றில் கிளை அசைய அசைய அந்தத் திட்டும் அசையும். கேமராவுக்கு அது போதும். கார்டு முழுக்க வெறும் சருகுப் படம். அந்தப் பருவத்தில் சென்சாரின் உணர்திறனைக் குறைத்து வைக்க வேண்டும், லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்க்காமல் வடக்கைப் பார்த்து இருப்பது நல்லது, முன்னால் இருக்கும் புல்லையும் புதரையும் வெட்டிவிட வேண்டும்.

உயரம் முழங்கால் அளவு. எல்லாரும் ஆள் உயரத்தில் கட்டுகிறார்கள், திருட்டுப் போகக் கூடாதென்று. அப்படிக் கட்டினால் மரநாயின் முதுகும் காதும்தான் கிடைக்கும். பாதையிலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், லேசாகக்கூடக் கீழே சாயாமல் கட்டிப் பாருங்கள். பெட்டியோடு வரும் வார் பரவாயில்லை, ஆனால் பாலுக்காக வெட்டுகிற ரப்பர் மரத்தில் கட்டாதீர்கள், பட்டை வெட்டும் இடத்துக்குக் குறுக்கே வரும், தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். வரப்போரம் நிற்கும் அயினி மரம்தான் சரி. ஆடாது, அசையாது, பட்டையோடு கேமராவின் நிறமும் ஒட்டிப்போகும்.

ராத்திரிப் படத்துக்கு இன்ஃப்ராரெட் எல்இடி. வாங்கும்போது 850 நானோமீட்டரா 940ஆ என்று பாருங்கள், மெகாபிக்சலைவிட இது முக்கியம். 850 தூரமாக வெளிச்சம் கொடுக்கும், ஆனால் எரியும்போது சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், ஆளும் பார்த்துவிடலாம், மிருகமும் பார்த்துவிடும். 940 கண்ணுக்குத் தெரியாது, பதிலுக்கு வெளிச்சம் குறைவு, படம் கொஞ்சம் மண்ணு மண்ணாக வரும். நான் வாங்கியது 940. பத்து மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியாது, பெட்டியில் போட்டிருப்பது 25 மீட்டர். ஓடும் மிருகமென்றால் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தது போல்தான் இருக்கும், நின்று மோப்பம் பிடிக்கும் மிருகம் நன்றாக விழும். 0.2 விநாடியில் படம் என்பதும் விளம்பரக் கணக்கு. ராத்திரியில் எல்இடி எரிந்து படம் பதிவதற்குள் வேகமாகப் போன மிருகத்தின் வால் மட்டும் மிஞ்சும். எங்கள் கார்டில் அப்படி வால் மட்டும் நிறைய உண்டு.

சரி, என்ன தெரிந்தது?

கோழியைப் பொறுத்தவரை, பகலில் கீரி, ராத்திரியில் மரநாய். கேரளத்தை ஒட்டிய எங்கள் பக்கம் சிலர் மரப்பட்டி என்பார்கள், அதேதான். மரச்சீனியைத் தோண்டியது பன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாதிக்கு மேல் முள்ளம்பன்றி. கூட்டமாக வருகிற பன்றியும் உண்டு, ஆனால் அது தோண்டுவதும் இது தோண்டுவதும் வேறே வேறே இடத்தில். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, மற்ற எல்லா மிருகத்தின் படத்தையும் சேர்த்தாலும் நாய்ப் படம் அதைவிட அதிகம். பகலில் தெருவில் சுருண்டு கிடக்கிற அதே நாய்கள் ராத்திரி நாலைந்தாகச் சேர்ந்து வரிசையாக விளைக்குள் போகின்றன, விடியும் முன் திரும்பி வருகின்றன. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி போன ராத்திரியில் அந்தப் பாதையில் போனதும் இவைதான், வேறொன்றும் இல்லை. படத்தைக் காட்டியபோது பக்கத்து வீட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "புலின்னாகூட ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலாம், நாய்க்கு எங்க போய் எழுதிக் கொடுக்கது?" என்றார். நியாயமான கேள்வி.

சிறுத்தை வந்ததா என்று கேட்பீர்கள். வந்திருந்தாலும் இங்கே எழுத மாட்டேன், காரணம் கீழே.

மழைக்கு வருவோம். நமக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. ஐபி66 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக்குறி) என்று பெட்டியில் இருக்கிறது, மழைத்தண்ணீர் உள்ளே போகவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் காற்றின் ஈரப்பதம் உள்ளே போய்விட்டது. லென்ஸின் உட்புறம் வியர்த்துப் படமெல்லாம் பனிமூட்டமாக இருந்தது. துணிக்கடையிலோ செருப்புப் பெட்டியிலோ கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பேட்டரி அறைக்குள் போட்டு வைத்தால் குறையும், ஆனால் ஈரமான பொட்டலத்தை அப்பப்போ மாற்ற வேண்டும். அதைவிடத் தொல்லை எறும்பு. சூடும் இருட்டும் மறைவும் இருக்கிற பெட்டியை எறும்பு விடுமா? சின்னக் கறுப்பு எறும்பு கீல் வழியாகப் போய் முட்டையிட்டுக் குடித்தனமே நடத்துகிறது. அடியில் இருக்கும் சார்ஜர் துளையின் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவில்லை, அது இந்தத் தயாரிப்பின் குறை. நான் அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன். வாருக்கு மேலும் கீழும் மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினால் சில நாள் வராது, மழை பெய்தால் மறுபடியும் தடவ வேண்டும்.

பேட்டரி. கடையில் விற்கும் சாதாரண அல்கலைன் போட்டால் பகல் படத்துக்கு நீண்ட நாள் வரும், ராத்திரிப் படம்தான் பேட்டரியைத் தின்னும். சார்ஜ் ஏறும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், அல்கலைனுக்கு 1.5. எட்டையும் சேர்த்தால் வித்தியாசம் 2.4 வோல்ட். சில கேமராக்கள் அதைப் பார்த்துவிட்டுப் புது பேட்டரியையே தீர்ந்துபோச்சு என்று சொல்லும். இது சொல்லவில்லை, நல்லது. ஆனால் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் பகல் படம் எப்போதும் போல வர, ராத்திரிப் படம் மட்டும் மங்கிக்கொண்டே போகும். கேமராவே போய்விட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் பலரின் ஆன்லைன் புகார்களைப் படித்தேன், பேட்டரி மாற்றிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. இன்னொன்று, பேட்டரியைக் கழற்றினால் தேதி நேரம் அழிந்து பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் சரி செய்ய வேண்டும். சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் தேதி தப்பான படத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. மாட்டைச் சிறுத்தை அடித்து வனத்துறையிடம் இழப்பீடு கேட்கப் போகிறீர்களென்றால் தேதியோடு கூடிய படம் உங்களுக்கு ஒரு பலம்.

4ஜி சிம் போடும் மாடலும் இருக்கிறது, கூடுதலாக நாலைந்தாயிரம். படம் எடுத்த உடனே போனுக்கு வருமாம். நாகர்கோவிலில் வீட்டுத் தோட்டத்துக்கு வைக்கிறவர்களுக்கு நல்லது. எங்கள் விளையில் ஒரு கோடு சிக்னலுக்கே மேட்டில் ஏற வேண்டும், பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கமெல்லாம் சொல்லவே வேண்டாம். சிக்னல் தேடித் தேடியே அது பேட்டரியைக் காலி செய்யும். அதோடு ஓர் அடிப்படை விஷயம்: இந்த மாதிரிக் கேமரா நடந்து முடிந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. வரும்போதே எச்சரிக்க வேண்டுமென்றால் அது வேறு அளவு வேலை. கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயில் பாதையில் யானை அடிபடாமல் இருக்க 2024 பிப்ரவரியில் வனத்துறை தொடங்கியது 12 கோபுரங்கள், 24 வெப்பக் கேமராக்கள், ஏழு கோடி ரூபாய்க்கு மேல் செலவு, பார்த்துக்கொண்டே இருக்க ஆட்கள். ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டியிடம் அதை எதிர்பார்த்துவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

படம் பிரிப்பதுதான் உண்மையான வேலை, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு தடவை கார்டைக் கழற்றும்போதும் ஆயிரக்கணக்கில் படம், அதில் முக்கால்வாசி சருகு, மீதியில் முக்கால்வாசி நாய். இதற்கு மெகாடிடெக்டர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் சூழல் திட்டத்தில் உருவானது. படத்தில் மிருகம் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, வண்டி இருக்கிறதா என்று மூன்றை மட்டும் சொல்லும், என்ன மிருகம் என்று சொல்லாது. கட்டளை எழுதத் தெரியாதவர்கள் அட்டாக்ஸ் ஏஐ என்ற செயலி வழியாக அதை ஓட்டலாம். சாதாரண லேப்டாப்பில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் வெறும் படமெல்லாம் தனியாகப் போயிருக்கும். கூகுள் 2025இல் வெளியிட்ட ஸ்பீசிஸ்நெட் மிருகத்தின் பெயரையும் சொல்லப் பார்க்கும், ஆனால் நம்ம ஊர் மரநாய் வகைகளில் சாதாரண மரநாய், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் என்று இரண்டு இருக்கின்றன, மங்கலான ராத்திரிப் படத்தில் ஆளுக்கே சிரமம், மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெறும் படம் அதிகமாக இருக்கிறதே என்று சோர்ந்துபோகாதீர்கள். அரசாங்கமே அப்படித்தான். இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், உலகத்திலேயே பெரியது என்று கின்னஸில் ஏறியது. கிடைத்தது மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான படங்கள், அதில் புலி இருந்தது 76,651இல், சிறுத்தை 51,777இல். அதாவது 450 படத்துக்கு ஒரு புலி. அதுவும் புலி இருக்கிற காட்டில்.

இன்னொன்று இங்கே சொல்ல வேண்டும். கார்டில் இருபது மரநாய்ப் படம் இருந்தால் விளையில் இருபது மரநாய் என்று அர்த்தமில்லை. ஒரே மரநாய் பலாப்பழம் தீரும்வரை தினமும் வந்துபோயிருக்கும். புலியை எண்ண முடிவதற்குக் காரணம், எந்த இரண்டு புலிக்கும் வரி ஒன்றுபோல இருக்காது. இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு, அதனால்தான் வனத்துறையினர் பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா கட்டுகிறார்கள். எது மறுபடியும் வந்தது, எது புதுசு என்று பார்த்து, கேமராவில் விழாதவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த முறையை இந்தியாவில் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் செய்து காட்டியவர் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த். அதற்கு முன்னால் தரையில் பதிந்த காலடித் தடத்தை வரைந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்கில் இருந்த புலிகள் காட்டில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்து நாடே அதிர்ந்த பிறகுதான் பழைய முறை போனது. 2006இல் புது முறையில் வந்த கணக்கு 1,411. இதே 2018 கணக்கில் 2,967. கேமராவைத் தானே அமுக்க வைக்கும் யோசனை இதற்கெல்லாம் வெகு முன்னால் வந்தது, வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களிலேயே மிருகம் நடக்கும் பாதையில் கம்பி கட்டி, அது இடறியதும் ஃபிளாஷ் எரியும்படி வைத்து வட இந்தியக் காடுகளில் புலியைப் படம் எடுத்தார். அந்தக் காலத்து ஃபிளாஷ் மருந்தை நினைத்துப் பார்த்தால் நம்ம எறும்புத் தொல்லையெல்லாம் ஒன்றுமே இல்லை.

இப்போது எனக்குப் பிடிக்காத விஷயம். கேமராவின் குறையென்று சொல்ல முடியாது, ஆனால் வாங்குகிற யாரும் யோசிப்பதில்லை.

பிஐஆர் சென்சாருக்கு மிருகம், மனுஷன் என்று வித்தியாசம் கிடையாது. ரப்பர் வெட்டுக்காரர்கள் விடியும் முன்னே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், பாதிப்பேர் பெண்கள். விளைக்குள் கக்கூஸ் எங்கே இருக்கிறது? மறைவான இடம் தேடித்தான் போவார்கள். கேமரா கட்டிய அன்றே எங்கள் விளையில் வெட்டுகிற அக்கா கேட்டார், "மக்களே, இது நம்மளையும் பிடிக்குமா?" பிடிக்கும் அக்கா என்றேன். அதற்கப்புறம் அவரிடமே எந்தப் பக்கம் வேண்டாம் என்று கேட்டு, ஓடைப் பக்கத்தை விட்டுவிட்டு, வேலி ஓரத்துக்கு மாற்றினோம். நேரத்தையும் ராத்திரி ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரைக்கும் மட்டும் என்று அமைத்தேன், அந்த வசதி இந்தக் கேமராவில் இருக்கிறது, அதற்கு முழு மார்க். பகல் கீரிக்காகக் கோழிக்கூட்டுப் பக்கம் மட்டும் தனியாக வைத்தேன், அது வீட்டு முற்றம்.

இது சும்மா பயமில்லை. உத்தராகண்டின் கார்பெட் காட்டில் புலிக்காக வைத்த கேமராக்கள் விறகுக்கும் புல்லுக்கும் போகிற பெண்களை எப்படிப் பாதித்தன என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்து, அது செல்போன்களில் பரவி, கோபத்தில் ஊர்க்காரர்கள் கேமராவை உடைத்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பயந்து பெண்கள் பேசாமல் பாடாமல் காட்டுக்குள் போக ஆரம்பித்தார்கள், சத்தம் போட்டுப் போனால்தானே மிருகம் விலகும்! நகரத்துக் கதையும் இதேதான். அமெரிக்காவின் சான் டியேகோவில் போக்குவரத்தையும் காற்றையும் அளக்கிறோம் என்று ஆயிரக்கணக்கான தெருவிளக்குகளில் சென்சாரும் கேமராவும் வைத்தார்கள், கொஞ்ச நாளில் போலீஸ் அந்த வீடியோவை எடுத்துப் பயன்படுத்துவது வெளியே வந்தது, ஜனங்கள் சண்டை போட்டு, 2020இல் மேயர் நிறுத்தச் சொன்னார். எதை அளக்க வைத்தோமோ அதை மட்டும் அளப்பதில்லை இந்தக் கருவிகள். நாளைக்கு நாகர்கோவில் தெருவிளக்கில் இப்படி ஒன்று வந்தால் நானே முதலில் போய், படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பேன்.

சட்டமும் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்பு தெரியும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. கேமரா தானாக எடுத்தது என்று சொல்லிவிட்டு குரூப்பில் போட்டால் போட்டவர் மாட்டிக்கொள்வார். ஆள் படம் விழுந்தால் அழித்துவிடுங்கள், மெகாடிடெக்டர் ஆள் படத்தைத் தனியாகப் பிரித்துத் தருவதால் ஒவ்வொன்றாகப் பார்க்காமலே அழிக்கலாம். அப்புறம், இது உங்கள் சொந்த நிலத்துக்குள் மட்டும். சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ அனுமதி இல்லாமல் போய்க் கட்டினால் வனத்துறை கேமராவையும் எடுத்துக்கொள்ளும், கேஸும் போடும். காட்டோரத்துக் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புப் பாதைகளிலும் அவர்களைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

சிறுத்தை விஷயம் எழுத மாட்டேன் என்றதற்கும் காரணம் இதுதான். இடத்தோடு படம் போட்டால் ஒரு பக்கம் ஊர் பயந்து கூண்டு வை என்று நிற்கும், இன்னொரு பக்கம் கண்ணி வைக்கிறவனுக்குத் தகவல் போகும். விழுந்தால் வனச்சரக அலுவலகத்தில் காட்டுங்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

மார்க் என்று கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பெட்டியில் எழுதியிருக்கும் பொய்க்கு ஒன்று, அந்த ரப்பர் மூடிக்கு அரை குறைத்திருக்கிறேன். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் அரைத்த ஆங்கிலம், ஆனால் மெனு எளிது. ஒரு குடும்பம் ஒன்று வாங்குவதைவிட வேலி ஒட்டிய நாலு விளைக்காரர்கள் சேர்ந்து இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் கோழி எடுப்பது யார் என்று தெரிந்த பிறகு உங்கள் விளையில் அதற்கு வேலை குறைவு. நாங்கள் கோழிக்கூட்டுக்குக் கீழே தகடு அடித்து, ராத்திரி பூட்ட ஆரம்பித்தோம். அதோடு முடிந்தது.

தடிக்காரன்கோணத்தில் மட்டி வாழை போட்டிருக்கும் மாமா இப்போது கேட்டிருக்கிறார், "மருமவனே, இதைக் கெட்டினா பன்னி வராதுல்லா?" வரும் மாமா, வந்து படத்துக்கு நிற்கும், அவ்வளவுதான். பன்றிக்கு வேலிதான் போட வேண்டும். ஆனால் எந்த நேரத்தில், எந்த மூலை வழியாக, எத்தனை உருப்படி வருகிறது என்று தெரிந்தால் விளை முழுக்க வேலி அடிக்காமல் அந்த மூலையை மட்டும் பலப்படுத்தலாம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம், ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது. மாமாவின் தோட்டம் இதில் எந்தக் கணக்கில் வரும் என்று முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேமராவை அடுத்த மாதம் கொடுத்து அனுப்புகிறேன், பேட்டரி அவர் செலவு.